மரக்குதிரையில் ஏறிய சிறுவன்





இன்றைய உரைக்கு ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டிருக்கின்றேன். சன்மார்க்கச் சொற்பொழிவில் ஆங்கிலக் கதைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எனினும் பேராசை என்னும் நோய் ஒரு வீட்டுக்குள் எந்த வாசலால் நுழைகின்றது, எந்தப் படியில் ஏறுகின்றது, எந்தப் பிள்ளையின் கட்டிலருகே போய் நிற்கின்றது என்பதை இவ்வளவு கிட்ட நின்று காட்டிய வேறொரு கதையை நான் வாசித்ததில்லை. ஆகவே சற்றுப் பொறுமையுடன் என்னோடு வாருங்கள்.

டி. எச். லோரன்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட கதை அது. 'த ரொக்கிங் ஹோர்ஸ் வின்னர்' என்பது அதன் பெயர். ஆடும் மரக்குதிரையில் ஏறி வென்றவன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். லோரன்ஸ் 1885இல் நொட்டிங்ஹாம்ஷயரில் ஈஸ்ட்வுட் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில், ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். காசு போதாத வீட்டின் ஓசையை அவர் புத்தகத்தில் படித்து அறிந்தவரல்லர். நமக்கு ஆர்வமூட்டும் இன்னொரு செய்தி: 1922ஆம் ஆண்டு அவர் நமது நாட்டுக்கு வந்து கண்டியில் சில வாரங்கள் தங்கியிருந்தார். வேல்ஸ் இளவரசரின் வருகைக்காக அப்போது நடத்தப்பட்ட பெரஹராவையும் பார்த்தார். நமது வெப்பம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார். அது நிற்க.

கதைக்கு வருவோம். இங்கிலாந்தில் ஒரு குடும்பம். தோட்டத்துடன் கூடிய அழகிய வீடு. வேலையாட்கள் இருக்கின்றார்கள். அயலவர்களைவிடத் தாம் ஒருபடி மேலானவர்கள் என்ற எண்ணமும் இருக்கின்றது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அந்த வாழ்க்கையைக் கொண்டு நடத்துவதற்குப் போதிய வருமானம். தந்தை நகரத்தில் ஏதோவோர் அலுவலகத்துக்குச் சென்று வருகின்றார். வரும் வரும் என்று எதிர்பார்க்கப்படும் முன்னேற்றம் ஒருபோதும் வருவதில்லை. ஹெஸ்டர் என்னும் தாயும் எதையெதையோ முயன்று பார்க்கின்றாள், எதுவும் கைகூடவில்லை. ஆயினும் செலவைச் சுருக்கிக்கொள்வோம் என்ற பேச்சு அவ்வீட்டில் எழுவதேயில்லை. ஏனெனில் உயர்ந்த ரசனையும் அந்தஸ்தும் அவர்களுக்கு உணவைப் போல் ஆகிவிட்டன.

அந்தத் தாயைப் பற்றி லோரன்ஸ் முதலிலேயே ஒரு கடுமையான செய்தியைச் சொல்லிவிடுகின்றார். அவள் பிள்ளைகளைக் கவனிக்கின்றாள். எல்லோரும் அவளை நல்ல தாய் என்று மெச்சுகின்றார்கள். ஆனால் அவளது நெஞ்சின் நடுவே அன்பு சுரக்காத ஒரு கடினமான சிறு இடம் இருக்கின்றது. அதை அவள் அறிவாள். அவளது மூன்று பிள்ளைகளும் அறிவார்கள். வாயால் எவரும் சொன்னதில்லை. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து அறிந்துகொண்டது அது.

அந்த வீடுதான் பின்னர் பேசத் தொடங்குகின்றது.

நேயர்களே, இக்கதையின் முதலாவது குறியீடு இதுவே. பணம் போதாது, மேலும் வந்தாக வேண்டும் என்ற ஒரு முணுமுணுப்பு அந்த வீட்டின் சுவர்களிலிருந்து கேட்கின்றது. தாயும் சொல்லவில்லை, தந்தையும் சொல்லவில்லை, வேலையாட்களும் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் நாளில் விலையுயர்ந்த விளையாட்டுப் பொருட்கள் பிள்ளைகளின் அறையை நிறைத்திருக்கும் வேளையிலும் அது கேட்கின்றது. புத்தம்புதிய மரக்குதிரைக்குப் பின்னாலிருந்து, பொம்மை வீட்டுக்குப் பின்னாலிருந்து கேட்கின்றது. பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திச் செவிகொடுக்கின்றார்கள். பிறகு, மற்றவர்களுக்கும் கேட்டதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கின்றார்கள்.

இது பேய்க்கதை என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் அது பேய்க்கதைகளின் தொகுப்பொன்றிலும் இடம்பெற்றது. ஆனால் பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு இரவு பத்து மணிக்குப் பின்னர் நீங்களும் உங்கள் துணைவியும் தாழ்ந்த குரலில் கதைப்பது எதைப் பற்றி? வாயிலிருந்து சொல் வராத நேரத்திலும், கடைக்காரரின் தொலைபேசி அழைப்பைக் கண்டதும் உங்கள் முகம் மாறுகின்றதே, அது எந்த மொழி? நான் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், ஐந்தாந்தரப் பிள்ளைகளிடம் தாம் விரும்பும் பரிசைப் பற்றி எழுதச் சொன்னேன். சைக்கிள் என்றார்கள், பந்து என்றார்கள், கடிகாரம் என்றார்கள். ஒரு பிள்ளை மட்டும், லீசிங் காசு கட்டி முடிந்த வாப்பாவின் முச்சக்கரவண்டி என்று எழுதியிருந்தது. அந்தப் பிள்ளையின் வாப்பாவைச் சந்தித்தபோது, லீசிங் என்ற சொல்லே பிள்ளைக்குத் தெரியாது, வீட்டில் நாங்கள் அதைப்பற்றிப் பேசுவதேயில்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார்.

பேசாததுதான் கேட்கின்றது.

ஒன்றைக் கவனியுங்கள். கதையிலுள்ள வீடு ஏழையின் வீடன்று. உணவுக்கு வழியற்ற வீடொன்றில் காசு இல்லை என்ற உண்மை அடுப்படியில் பகிரங்கமாகவே கிடக்கும். பிள்ளையும் அதை அறிந்து, இருப்பதை உண்டு உறங்கும். இங்கே சிக்கல் வேறு. இருக்கின்ற வருமானத்துக்கும், இருப்பதாகக் காட்டிக்கொள்ள விரும்பும் வாழ்க்கைக்கும் இடையில் ஓர் இடைவெளி. முணுமுணுப்பு அந்த இடைவெளிக்குள் இருந்துதான் வருகின்றது. திருக்குர்ஆனின் 102ஆம் அத்தியாயமாகிய அத்தகாஸுர், தேவையைப் பற்றிப் பேசவில்லை. ஒருவரை ஒருவர் விஞ்சிப் பெருக்கிக்கொள்ளும் போட்டி மனிதனைக் கப்றுவரை பராக்காக்கி வைப்பதைப் பற்றியே பேசுகின்றது. ஹெஸ்டருக்கு வேண்டியது சோறன்று. அயலவர் பார்வையில் அவள் ஏறி நிற்கும் படியிலிருந்து இறங்காதிருப்பதே அவளுக்கு வேண்டும்.

போல் என்பது அவளது மகனின் பெயர். ஒருநாள் அவன் தாயிடம் கேட்கின்றான்: நமக்குச் சொந்தமாக ஒரு மோட்டார் வாகனம் ஏன் இல்லை? ஏன் எப்போதும் மாமாவின் வாகனத்தையோ வாடகை வாகனத்தையோ எதிர்பார்க்கின்றோம்? தாய் சொல்கின்றாள்: குடும்பத்தில் நாம்தாம் வறியவர்கள். ஏன் என்று பிள்ளை விடுவதில்லை. உன் தந்தைக்கு அதிர்ஷ்டம் இல்லை என்கின்றாள் அவள். அதிர்ஷ்டம் என்றால் பணமா என்று கேட்கின்றான் பிள்ளை. பணத்தைக் குறிக்கும் 'லூக்கர்' என்ற ஆங்கிலச் சொல்லை மாமாவின் வாயிலிருந்து கேட்டிருந்த அவன், அதை 'லக்' என்று விளங்கிக்கொண்டிருக்கின்றான். தாய் திருத்துகின்றாள். எப்படித் திருத்துகின்றாள் என்பதுதான் துயரம். பணமே அதிர்ஷ்டமன்று, ஆனால் பணத்தை உனக்குக் கொண்டு வருவது அதிர்ஷ்டம். பணக்காரனாய்ப் பிறப்பதைவிட அதிர்ஷ்டசாலியாய்ப் பிறப்பது மேல், ஏனெனில் பணம் போய்விடலாம், அதிர்ஷ்டமோ மேலும் பணம் தந்துகொண்டிருக்கும் என்ற கருத்தில் பேசுகின்றாள்.

ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கற்பித்த அகீதா இது! உழைப்பு என்ற சொல் அவ்வுரையாடலில் இல்லை. போதுமென்ற மனம் இல்லை. பரக்கத் என்ற எண்ணம் இல்லை. குறைந்ததில் நிறைவு உண்டாவதைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு ஈடான ஒன்று அவளிடம் இருந்திருந்தால், அந்தக் காலைப்பொழுது வேறுவிதமாக முடிந்திருக்கும். தாயின் முகத்திலிருந்த கசப்பைப் பார்த்த போல், தான் ஓர் அதிர்ஷ்டசாலி என்று திடீரெனச் சொல்லிவிடுகின்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்பது அவனுக்கே தெரியவில்லை. இறைவன்தான் தன்னிடம் சொன்னான் என்றும் சேர்த்துக்கொள்கின்றான். தாய் நம்பவில்லை என்பதை அவள் முகத்திலேயே கண்டுகொள்கின்றான். அவள் நம்பவில்லை என்பதைவிட, அவள் அதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் அவனைச் சுடுகின்றது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரையின் இறுதியில் திரும்பவும் இங்கு வருவோம்.

அதன் பின்னர் பிள்ளை தன் மரக்குதிரையில் ஏறுகின்றான். மாமா ஒஸ்கார் வாங்கிக்கொடுத்த சிறு சாட்டையால் அதன் கழுத்தில் அடித்து, அதிர்ஷ்டம் இருக்கும் இடத்துக்குத் தன்னைக் கொண்டுபோகும்படி அதனிடம் மனதுக்குள் கட்டளையிட்டு, வெறிபிடித்தவன் போல் ஆடுகின்றான். அவனுடைய தங்கைகள் பயந்து விலகிப் போகின்றார்கள். அப்படி ஆடி ஆடி ஒரு நிலைக்கு வரும்போது, அடுத்துவரும் பந்தயத்தில் வெல்லப்போகும் குதிரையின் பெயர் அவனுக்குத் தெரிந்துவிடுகின்றது. வீட்டுத் தோட்டக்காரனான பஸெட், யுத்தத்தில் காலில் காயமுற்றவன், குதிரைப் பந்தயப் பைத்தியம். அவனோடு பிள்ளை பங்காளியாகின்றான். பஸெட் கடனாகக் கொடுத்த முதல் ஐந்து ஷில்லிங் தோற்றுப்போகின்றது. பின்னர் மாமா அன்பளிப்பாகக் கொடுத்த பத்து ஷில்லிங்கிலிருந்து வெற்றி ஆரம்பமாகின்றது. லிங்கன் பந்தயத்தில் டஃபடில் என்னும் குதிரை. லெஜர் பந்தயத்தில் லைவ்லி ஸ்பார்க்; ஒன்றுக்குப் பத்து என்ற விகிதத்தில் ஆயிரம் பவுண் வைத்துப் பத்தாயிரம் பவுண் வெல்கின்றான் அந்தச் சிறுவன்.

மரக்குதிரையைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். குறியீடு என்பது புலவர்கள் மறைத்துவைக்கும் விடுகதையன்று. கண்முன் இருக்கும் ஒரு பொருள், தன் வேலையைச் செய்துகொண்டே வேறொன்றையும் சொல்வதுதான் குறியீடு. ஆடும் மரக்குதிரையின் இயல்பு என்ன? அது வேகமாக ஓடுகின்றது; நகர்வதில்லை. எவ்வளவு அடித்தாலும் விழுந்த அடியின் களைப்பெல்லாம் சவாரி செய்பவனுக்கே. இறங்கிப் பார்த்தால் புறப்பட்ட இடத்திலேயே நிற்பீர்கள். அந்த வீட்டின் பெரியவர்கள் செய்வதும் வேறொன்றுமன்று. தந்தையும் தாயும் நகரத்துக்கும் வீட்டுக்கும் ஓடுகின்றார்கள். கடன் நின்ற இடத்தில் நிற்கின்றது. பிள்ளை அவர்களை விளையாட்டாக நடித்துக் காட்டுகின்றான், அவ்வளவுதான்.

மேலும் அது வயது கடந்த பொருள். போலுக்கு இனி மரக்குதிரைக்குரிய பருவமில்லை என்று வீட்டார் சொல்கின்றார்கள். அவன் தனியறைக்கு மாறும்போது, அதை வீட்டின் உச்சியிலுள்ள தன் அறைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்கின்றான். உண்மையான குதிரை கிடைக்கும் வரையில் ஏதேனும் ஒரு மிருகம் துணைக்கு இருக்கட்டும் என்கின்றான். தாய் சிரித்துவிட்டு விட்டுவிடுகின்றாள். பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே எதனோடு இருக்கின்றான் என்று அவள் கேட்டுப் பார்க்கவில்லை. இன்று அறைக்குள் கொண்டுபோவது மரக்குதிரையாக இருக்க வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடித் திரையில் பந்தயம் கட்டும் வசதி வந்துவிட்ட காலம் இது.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு சொல். நமது நகரங்களில் 'ரேஸ் புக்கி' என்று பெயர்ப்பலகை தொங்கும் இடங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே காசு கட்டப்படுவது பெரும்பாலும் இங்கிலாந்தில் ஓடும் குதிரைகள் மீதுதான். போல் பந்தயம் கட்டிய அதே நாட்டுப் பந்தயங்கள்! தன் வாழ்நாளில் அந்த மைதானத்தைக் காணாத ஒருவர், ஒருபோதும் தொட்டுப் பார்க்காத ஒரு குதிரையின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு அன்றைய கூலியை அங்கே வைக்கின்றார். சூரா அல்மாயிதாவின் 90ஆம் வசனம் சூதாட்டத்தை மதுவோடு ஒரே வரிசையில் வைத்துத் தடுத்திருப்பதை அறியாதவர் நம்மில் இல்லை. அறிந்தும் போகின்றார்கள். ஏன் போகின்றார்கள் என்று கேட்டால், பலர் சொல்வது போலின் பதிலைத்தான்: எனக்காக அல்ல, வீட்டுக்காக.

அந்தப் பதிலை ஏளனம் செய்ய என்னால் முடியவில்லை. போல் தனக்கென ஓர் இனிப்புக்கூட வாங்கியதாகக் கதையில் இல்லை. பணத்தை என்ன செய்யப் போகின்றாய் என்று மாமா கேட்கும்போது, அம்மாவுக்காகத்தான் ஆரம்பித்தேன் என்ற பொருள்பட அவன் பதில் சொல்கின்றான். தான் அதிர்ஷ்டசாலியானால் வீடு முணுமுணுப்பதை நிறுத்திவிடும் என்று நம்பியிருக்கின்றான். வீட்டை அமைதியாக்குவதற்காகப் பிள்ளை சூதாடுகின்றான்.

இப்போது கதையின் இதயமான இடத்துக்கு வருகின்றோம். போல் தன் வெற்றிப் பணத்திலிருந்து ஐயாயிரம் பவுணை மாமாவிடம் கொடுத்து, குடும்ப வழக்கறிஞரிடம் வைக்கச் செய்கின்றான். உறவினர் ஒருவர் கொடுத்ததாகச் சொல்லி, ஆண்டுக்கு ஆயிரம் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு, தாயின் பிறந்தநாளில் அவளிடம் சேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு பிள்ளையின் கையால் அளந்து வைக்கப்பட்ட உணவுத் தட்டைப் போன்றது அது. நவம்பர் மாதம் பிறந்தநாள் வருகின்றது. காலையுணவு மேசையில் கடிதத்தைப் பிரிக்கும் தாயின் முகத்தையே பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கின்றான். அந்த முகம் மலரவில்லை. இறுகிக் குளிர்ந்துபோகின்றது. கடிதத்தை மற்றவற்றின் கீழே மறைத்துவிடுகின்றாள்; ஒரு சொல்லும் சொல்லவில்லை. தபாலில் நல்லதாக ஏதும் வந்ததா என்று பிள்ளை கேட்கின்றான். சுமாராக ஏதோ வந்தது என்ற அளவில் பதில் சொல்லிவிட்டு நகரத்துக்குப் போய்விடுகின்றாள். போய், ஆண்டுதோறும் ஆயிரம் வேண்டாம், ஐயாயிரத்தையும் ஒரேயடியாகத் தர முடியாதா, தனக்குக் கடன் இருக்கின்றது என்று வழக்கறிஞரிடம் கேட்கின்றாள்.

பிள்ளை சம்மதிக்கின்றான். முழுத்தொகையும் கைக்கு வருகின்றது. அப்போது வீடு அடங்கியதா? இல்லை. வசந்தகால மாலையில் தவளைக் கூட்டம் சேர்ந்து இரைவதைப் போன்று அந்தக் குரல்கள் வெறிகொண்டு எழுகின்றன என்கின்றார் லோரன்ஸ். புதிய தளபாடங்கள் வருகின்றன. மகனுக்குத் தனி ஆசிரியர் வருகின்றார். தந்தை படித்த ஈட்டன் கல்லூரிக்கு அவனை அனுப்பும் திட்டம் வருகின்றது. குளிர்காலத்திலும் பூக்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் வரும்போதும், அதற்கு அடுத்ததைக் கேட்கும் குரலும் கூடவே வருகின்றது. ஆதமின் மகனுக்கு ஒரு பள்ளத்தாக்கு நிறையப் பொன் கிடைத்தாலும் இரண்டாவதை நாடுவான் என்ற கருத்துடைய நபிமொழியை நாம் எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கின்றோம். அது பள்ளத்தாக்கைப் பற்றியது, நம்மிடம் பள்ளத்தாக்கு இல்லை என்று எண்ணிக்கொண்டு எழுந்து போய்விடுகின்றோம். ஒரு காலையுணவு மேசையில், ஒரு கடித உறைக்குள், அதே செய்தி ஐயாயிரம் பவுணாக வந்து நிற்பதை இக்கதை காட்டுகின்றது.

இந்தத் தாயை முழுக்க முழுக்கக் கொடியவள் என்று தீர்ப்பளிப்போர் உண்டு. நான் அவர்களுடன் உடன்படவில்லை. அவள் உழைக்கவும் செய்கின்றாள். துணிக்கடைகளின் விளம்பரங்களுக்காக உரோம ஆடையும் பட்டும் உடுத்த பெண்களை வரையும் வேலை. தோழி ஒருத்தியின் கலைக்கூடத்தில், வீட்டாருக்குத் தெரியாமல் செய்கின்றாள். தோழி ஆண்டுக்குப் பல ஆயிரம் பவுண் உழைக்கின்றாள், இவள் சில நூறு. நூறுகள் கைக்கு வருகின்ற மகிழ்ச்சியைத் தோழியின் ஆயிரங்கள் தின்றுவிடுகின்றன. பிறர் வாங்க ஆசைப்படும் ஆடைகளை வரைந்தே காசு தேடும் ஒருத்திக்கு ஆசை எப்படி அடங்கும்? மகனின் கண்களில் ஒரு மாற்றத்தைக் கண்டு அஞ்சியவளும் அவளே. கடற்கரைக்குச் சென்று ஓய்வெடு என்று கெஞ்சியவளும் அவளே. தான் பிறந்த குடும்பத்தில் சூதாட்டம் இருந்ததையும், அது செய்த சேதத்தையும் சொல்லி மகனை எச்சரிக்கவும் செய்கின்றாள். ஆனால் அவளது பணமே அந்த வழியால்தான் வந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

தெரிந்த ஒருவர் இருக்கின்றார். அவர்தான் தாய்மாமன் ஒஸ்கார்.

என் கணிப்பில் இக்கதையில் மிகவும் அஞ்சத்தக்கவர் இவரே. அவருக்குப் பணக்கஷ்டம் இல்லை. சிறுவன் ஒருவன் முந்நூறு பவுண் பந்தயம் வைக்கின்றான் என்று கேள்விப்பட்டபோது அவர் செய்திருக்க வேண்டியது என்ன? அவனது கையைப் பிடித்துத் தாயிடம் கூட்டிச் செல்வது. அவர் செய்தது, முதலில் சிரித்தார். பிறகு சோதித்துப் பார்த்தார். உண்மை என்று கண்டதும் மூன்றாவது பங்காளியாகச் சேர்ந்துகொண்டார். லெஜர் பந்தயத்தில் அவரும் 200 பவுண் வைத்தார். பிள்ளையைச் செல்லமாக நடத்துகின்ற, பரிசுகள் வாங்கிக் கொடுக்கின்ற, வீட்டார் எல்லோரும் நம்புகின்ற மாமா. பஸெட்டோ இதையெல்லாம் மார்க்க விடயம் பேசுவது போன்ற பாரதூரமான முகத்துடன் பேசுபவன். சூது அவ்வீட்டில் வழிபாட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டதை லோரன்ஸ் அந்த ஒரு முகத்தில் காட்டிவிடுகின்றார். தந்தையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவருக்குக் கதையில் ஒரு பெயர்கூட இல்லை.

இறுதிக் கட்டம் வேகமானது. தேசியப் பந்தயத்தில் போலுக்குப் பெயர் தெரியவில்லை. நூறு பவுண் தோற்கின்றான். லிங்கனிலும் தெரியவில்லை, ஐம்பது தோற்கின்றான். மிஞ்சியிருப்பது டேர்பி. அதற்கு இரண்டு இரவுகளுக்கு முன்னர், நகரத்தில் ஒரு பெரிய விருந்தில் இருந்த தாயின் நெஞ்சை இனம்புரியாத ஓர் அச்சம் கவ்வுகின்றது. இரவு ஒரு மணியளவில் வீடு திரும்பி, மேல்மாடி ஏறி, மகனின் அறைக்கு வெளியே நிற்கின்றாள். உள்ளே ஏதோவொன்று பலமாக அசையும் ஓசை. அவளுக்கு அந்த ஓசை தெரிந்த ஓசையாகவும் இருக்கின்றது, என்னவென்று பிடிபடவும் இல்லை. கதவைத் திறந்து விளக்கைப் போடுகின்றாள். பச்சைநிற இரவுடையில் பிள்ளை மரக்குதிரையின் மேல் வெறியோடு ஆடிக்கொண்டிருக்கின்றான். வாசலில் நிற்கும் தாயின் விருந்து உடையும் வெளிர்பச்சை. நமக்குப் பச்சை என்றால் பள்ளிவாசலின் நினைவு வரும். ஆங்கிலத்தில் அது பொறாமையின் நிறமாகச் சொல்லப்படுவது. குறியீட்டை அது முளைத்த மண்ணில் வைத்தே வாசிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கின்றேன்.

பிள்ளை ஒரு பெயரைக் கத்திவிட்டுக் கீழே விழுகின்றான். மலபார் என்பது அந்தக் குதிரையின் பெயர். நமது முன்னோர் வணிகம் செய்த அந்தக் கரையின் பெயர் இங்கிலாந்தில் ஒரு பந்தயக் குதிரைக்கு வந்துவிட்டது!

மூளைக் காய்ச்சல் கண்டு பிள்ளை நினைவிழந்து கிடக்கின்றான். பிதற்றலில் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்கின்றான். இது என்ன பெயர் என்று தாய் கேட்கின்றாள். டேர்பியில் ஓடும் குதிரை என்று சொல்லும் ஒஸ்கார், தன்னையும் மீறி பஸெட்டிடம் போய்ப் பேசுகின்றார். தாமும் அந்தக் குதிரையின் மீது ஆயிரம் பவுண் வைக்கின்றார், ஒன்றுக்குப் பதினான்கு விகிதத்தில். நேயர்களே, இதை நிதானமாக ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மருமகன் மரணப் படுக்கையில் பிதற்றுகின்றான். பக்கத்தில் நிற்கும் மாமா அந்தப் பிதற்றலைக் குறித்துக்கொண்டு போய்க் காசு கட்டுகின்றார். அந்த மனிதர் கெட்டவராக அறியப்பட்டவரல்லர். கடைசியில், தங்கைக்கு எண்பதாயிரம் வரவு, ஒரு மகன் செலவு என்று கணக்குப் பார்ப்பது போல் பேசுபவரும் அவரே. பிள்ளையின் மரணமும் அவருடைய வாயில் பேரேட்டின் ஒரு பக்கமாகிவிடுகின்றது.

தாயின் நெஞ்சிலிருந்த அந்தக் கடினமான சிறு இடம் இப்போது முழுநெஞ்சுமாகிவிட்டது. தன் இதயம் கல்லாகிப் போனதை அவள் உணர்கின்றாள். பிள்ளையின் கண்களும் நீலக் கற்களைப் போலாகிவிட்டன. வீட்டில் ஆரம்பத்திலிருந்து பரவிவந்த கல், இரு உடல்களிலும் வந்து சேர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் மாலை பஸெட் மெல்ல அறைக்குள் வருகின்றான். மலபார் வென்றுவிட்டது, எழுபதாயிரத்துக்கு மேல் வந்திருக்கின்றது, எல்லாம் சேர்த்து உங்களிடம் இப்போது எண்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றது என்று பிள்ளையின் காதருகே சொல்கின்றான். பிள்ளைக்கு நினைவு திரும்புகின்றது. தாயைப் பார்த்து, நான் அதிர்ஷ்டசாலி என்று உங்களிடம் எப்போதாவது சொல்லியிருக்கின்றேனா என்று கேட்கின்றான். இல்லை, நீ சொன்னதேயில்லை என்கின்றாள் தாய். அன்றிரவு அவன் இறந்துபோகின்றான்.

அவன் சொல்லியிருந்தான். கதையின் ஆரம்பத்திலேயே, மோட்டார் வாகனத்தைப் பற்றிக் கேட்ட அந்த நாளிலேயே, அவள் முகத்துக்கு நேரே நின்று சொல்லியிருந்தான்.